ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு டிவி இணைப்பு: கேபிளா, டிஷ்ஷா, ஃபைபரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம் தீவு, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை கடலை ஒட்டிய ஊர்களில் புதிதாக டிவி இணைப்பு எடுப்பவர்களும், இருப்பதை மாற்ற நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

கேபிள், டிடிஎச் (டிஷ்), ஃபைபர்: எங்கள் வீட்டுக்கு எது சரி?

சேனல் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்ச் சேனல்களைப் பொறுத்தவரை எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். பழுதானால் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் ஆள் வருவார்? உங்கள் தெருவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

டவுனுக்குள்ளோ பெரிய ஊரிலோ இருந்து, கேபிள்காரர் அதே தெருவில் இருந்தால் கேபிள் எடுக்கலாம். தெருவை விட்டுத் தள்ளித் தோப்புக்குள் வீடு, அல்லது இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் டிடிஎச். ஃபைபர் வயர் ஏற்கெனவே வாசல் வரை வந்திருந்து, பிள்ளைகள் படிப்புக்கோ வேலைக்கோ இன்டர்நெட் எப்படியும் தேவை என்றால் டிவியையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். டிவிக்காக மட்டும் ஃபைபர் எடுப்பது வீண் செலவு.

கரண்ட் போனால் கேபிளும் போகுமா? எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே?

போகும். கேபிள் சிக்னல் ஃபைபரில் உங்கள் ஏரியா வரை வந்து, கம்பத்தில் தொங்கும் நோடு பெட்டியில் மின் சிக்னலாக மாறி, ஆம்ப்ளிஃபயர்கள் வழியாக வீட்டுக்கு வருகிறது. அந்தப் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும். உங்கள் இன்வெர்ட்டர் டிவியை ஓட்டும். கம்பத்துப் பெட்டியை ஓட்டாது. சில ஆபரேட்டர்கள் நோடுக்கு பேட்டரி வைத்திருப்பார்கள். "நோடுக்கு பேக்கப் இருக்கா, எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று இணைப்பு எடுக்கும் முன்பே கேளுங்கள். டிடிஎச்சில் இந்தத் தொல்லை இல்லை. டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பிக்குத் தேவையான மின்சாரம் உங்கள் பாக்ஸிலிருந்தே வயர் வழியாகப் போகிறது.

ஃபைபரில் வீட்டில் உள்ள மோடத்தையும் இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டும். பலர் டிவிக்கு மட்டும் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள்.

அரசு கேபிள் எடுக்கலாமா?

செலவு குறைவாக இருக்க வேண்டும் என்றால் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கிய சேவை. 2017-இல் டிஜிட்டல் உரிமம் கிடைத்த பிறகு செட்டாப் பாக்ஸுக்கு மாறியது. பாக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டைக் காலி செய்யும்போது திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தரம் ஊருக்கு ஊர் மாறுவதற்குக் காரணம் தலைமையகம் இல்லை, உங்கள் தெருவின் ஆபரேட்டர். அவர் நல்ல வயர் இழுத்து, இணைப்புகளை மூடி வைத்திருந்தால் படம் கண்ணாடி மாதிரி வரும். பக்கத்து வீட்டில் ஒரு நாள் மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து படம் பாருங்கள். கட்டம் கட்டமாக உடைந்தால் அந்தத் தெருவின் வயரில் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மாதக் கட்டணம் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே, கணக்கு எப்படி?

எந்த கம்பெனியானாலும் பில்லில் மூன்று பகுதி இருக்கும். முதலாவது, நெட்வொர்க் கட்டணம், அதாவது இணைப்பைத் தருவதற்கான கூலி. இரண்டாவது, நீங்கள் எடுக்கும் கட்டணச் சேனல்கள் அல்லது பேக்கின் விலை. மூன்றாவது, இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

நெட்வொர்க் கட்டணம் 130, தமிழ் பேக் 60 என்று வைத்துக்கொள்வோம். 190 ஆயிற்று. ஜிஎஸ்டி 34 ரூபாய் 20 காசு. கையை விட்டுப் போவது 224 ரூபாய் 20 காசு. "190 ரூபாய் பேக்" என்று சொல்லி விற்பவரிடம் "வரியோட சேர்த்து எவ்வளவு?" என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

200 சேனல் வரை 130 ரூபாய் என்று முன்பு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனிகளே நிர்ணயிக்கலாம், அதனால் பழைய கணக்கை நம்பாமல் இன்றைய தொகையைக் கேளுங்கள்.

அந்தப் பழைய வரம்பில் எச்டி சேனல் ஒன்று, எண்ணிக்கையில் இரண்டு சாதாரணச் சேனலாகக் கணக்கிடப்பட்டது. டிவி 32 அங்குலத்துக்குக் குறைவு, பார்ப்பது சீரியலும் செய்தியும் என்றால் எச்டி பேக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது தேவையில்லாத வேலை. பேக்கில் யாருமே பார்க்காத இந்திச் சேனல்கள் நிறைய இருக்கும். வீட்டில் உண்மையில் பார்க்கும் சேனல்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. அவற்றைத் தனித்தனியாக எடுத்தால் என்ன விலை, பேக்காக எடுத்தால் என்ன விலை என்று இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

மழை வந்தால் டிஷ் நின்றுவிடுமே?

கனமழையில் நிற்கும், அதைத் தவிர்க்க முடியாது. டிடிஎச் வருவது கேயு பேண்ட் அலைவரிசையில். பெரிய மழைத்துளிகள் அந்த அலையை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். அடர்ந்த மேகம் கடக்கும் வரை, பெரும்பாலும் பத்து இருபது நிமிடம், படம் இருக்காது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த கம்பெனி டிஷ்ஷும் தாங்காது. "எங்களுடையது மழையிலும் வரும்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஆனால் தூறலுக்கே படம் போகிறது என்றால் அது மழையின் குற்றம் இல்லை. 60 சென்டிமீட்டர் டிஷ் ஒரு டிகிரி சரிந்தாலும் வெயில் நாளில் படம் நன்றாகத்தான் தெரியும். மழைக்கென்று இருக்க வேண்டிய உபரி சிக்னல் மட்டும் காணாமல் போயிருக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி' என்று இரண்டு பட்டை இருக்கும். கவனிக்க வேண்டியது குவாலிட்டி. டிஷ் மாட்டிய அன்றே அந்த எண்ணைப் பாக்ஸின் அடியில் எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வெயிலில் அது பத்து புள்ளி இறங்கியிருந்தால், ஐப்பசி மழைக்கு முன்பே ஆளைக் கூப்பிட்டுத் திருப்பிவிடலாம்.

மார்ச் மாதம், மழையே இல்லை, முற்பகலில் சில நிமிடம் படம் போகிறது. பாக்ஸ் போச்சா?

இல்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் சரியாக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் வெப்ப இரைச்சல் சிக்னலை மூடிவிடும். நம் பகுதியில் இது காலை 10-க்கும் 12-க்கும் இடையே நடக்கும். தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

உப்புக்காற்றில் டிஷ் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிட்டது.

டிஷ் தட்டு துருப்பிடிப்பதால் படம் போவதில்லை. பெயின்ட் உரிந்த தட்டும் சிக்னலை வாங்கிக் கொடுக்கும். கெடுவது மூன்று இடத்தில்.

முதல் இடம், எல்என்பியில் வயரைத் திருகும் எஃப் கனெக்டர். அதைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சையாகப் பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலை அலுமினியமாக இருந்தால் வெள்ளைப் பொடியாக உதிரும். உப்புத் தண்ணீர் வலைக்குள் ஏறிவிட்டால் வயருக்குள்ளேயே ஓரடி, இரண்டடி ஊர்ந்து போகும். கனெக்டரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி அதே கதை. கெட்டுப்போன நீளத்தை, பளபளப்பான வலை தெரியும் வரை, வெட்டி எறிந்துவிட்டுப் புது கனெக்டர் போடச் சொல்லுங்கள். மாட்டும்போதே வயரில் ஓரடி கூடுதலாக விட்டு வளையமாகச் சுற்றி வைக்கச் சொன்னால் பிற்பாடு வெட்ட இடம் இருக்கும்.

கனெக்டரைத் திருகிய பிறகு அதன் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதி பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசினாக உருகி ஒழுகும், நம்ப முடியாது. வயர் கனெக்டரிலிருந்து நேராகக் கீழே இறங்கி, பிறகு ஆங்கில 'U' வடிவில் வளைந்து மேலேறிச் சுவருக்குள் போக வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் போகாது. கூலி வாங்குபவர்கள் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான்.

இரண்டாவது இடம், போல்ட்டுகள். கூடவே வரும் போல்ட் மஞ்சள் முலாம் பூசியது, கடலோரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஹார்டுவேர் கடையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேளுங்கள். 304 ரகம் கிடைக்கும். 316 ரகம் உப்புக்கு அதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூட. கடலுக்கு மிக நெருங்கிய வீடு என்றால் 316-க்குக் காசு செலவழிக்கலாம். திருகும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழற்றும்போது உடையாது.

மூன்றாவது இடம், கம்பம் தரையில் நிற்கும் அடிப்பகுதி. தண்ணீர் தேங்கும் இடத்தில் பிளேட் அரித்து, காற்றுக்கு ஆடத் தொடங்கும். ஆடினால் அலைன்மென்ட் போகும்.

மாதம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரை டிஷ், எல்என்பி, கம்பம் மேல் ஊற்றிக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் குடிதண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள்.

டிஷ்ஷை மாடியில் எந்த மூலையில் மாட்டுவது? தென்னை மரம் மறைக்காதா?

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சாட்டிலைட்டுகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. டிடி ஃப்ரீ டிஷ் வரும் 93.5 டிகிரி (கிழக்குத் தீர்க்கரேகை) சாட்டிலைட் ராமநாதபுரத்திலிருந்து தென்கிழக்கில், அடிவானிலிருந்து சுமார் 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டாடா பிளேயின் 83 டிகிரி இன்னும் மேலே, 78 டிகிரி உயரத்தில். ஏர்டெல்லின் 108.2 டிகிரிதான் கீழே, கிழக்குப் பக்கமாக 54 டிகிரியில்.

மரம் டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமாக இருந்தாலும், 93.5 டிகிரிக்கு அது 4 மீட்டர் தள்ளி இருந்தால் போதும், மறைக்காது. ஏர்டெல்லுக்கு 8 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தென்னந்தோப்புக்குள் வீடு என்றால் இந்த வித்தியாசமே கம்பெனியைத் தீர்மானிக்கும். காற்றில் மட்டை ஆடும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். "காத்தடிச்சா படம் விட்டு விட்டு வருது" என்பதற்கு முக்கியமான காரணம் ஆடும் மட்டை.

இந்த உயரத்தால் இன்னொரு வசதி உண்டு. டிஷ்ஷை மொட்டை மாடியின் விளிம்பில் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. மாடிப்படிக் கூண்டின் மறைவில் வைக்கலாம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், அங்கே கூண்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் நல்லது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுதான் தொல்லை, அங்கே தெற்குப் பக்கம். உப்புத்தூறல் நேராக மேலே விழாமல் இருந்தாலே வயரின் ஆயுள் கூடும்.

ஓட்டு வீடு, கீற்றுக் கொட்டகை என்றால் கூரையில் கட்டாதீர்கள். முற்றத்தில் இரண்டு அங்குல ஜிஐ பைப்பை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நட்டு, தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலில் ஒன்றரை அடி போதாது, இரண்டரை அடி வேண்டும்.

சில சேனல்கள் வருகின்றன, சில வரவில்லை. ரீசார்ஜ் செய்தாயிற்று.

விடுபட்ட சேனலில் "இந்தச் சேனலுக்கு சந்தா இல்லை" என்று வந்தால் பேக்கில் அது இல்லை, அல்லது ரீசார்ஜ் இன்னும் பாக்ஸுக்கு வந்து சேரவில்லை. பாக்ஸை ஆன் செய்தபடி வைத்து, கம்பெனி ஆப்பிலோ மிஸ்டு கால் மூலமோ 'ரெஃப்ரெஷ்' கொடுங்கள். ஆஃப் செய்த பாக்ஸுக்கு அந்த உத்தரவு போய்ச் சேராது.

"சிக்னல் இல்லை" என்று பாதிச் சேனல்களில் மட்டும் வந்தால் கதை வேறு. சேனல்கள் இரண்டு கூட்டமாக வருகின்றன. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி ஒரு கூட்டத்தையும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றதையும் எடுக்கும். கனெக்டர் அரித்தோ அடாப்டர் பலவீனமாகியோ வோல்ட் குறைந்தால் 18 வோல்ட் கூட்டம் மொத்தமாகக் காணாமல் போகும். அப்போது எல்என்பியை மாற்றச் சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பாக்ஸின் பின்னால் எழுதியிருக்கும் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டராக இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் பாக்ஸைவிட அடாப்டர்தான் முதலில் போகும். பாக்ஸ் போய்விட்டது என்று புதிதாக வாங்கவைக்கும் கடைகளும் உண்டு.

மாதக் காசே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் எடுத்தால் என்ன?

பாக்ஸ், டிஷ், மாட்டும் கூலி மட்டும் ஒருமுறை செலவு. டிடி தமிழ், செய்தி, இந்திப் படங்கள் போதும் என்பவர்களுக்குச் சரி. சன் டிவி, விஜய் மாதிரி கட்டணச் சேனல்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் சீரியல் பார்ப்பவர் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் நாளே சண்டை வரும். எம்பெக்-4 பாக்ஸாக வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸ் எல்லாச் சேனலையும் எடுக்காது.

ஃபைபர், ஏர்ஃபைபரில் டிவி பார்ப்பது எப்படி?

பிஎஸ்என்எல் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ஐஎஃப்டிவி என்ற நேரலைச் சேவை 2024 இறுதியில் தமிழ்நாட்டிலும் வந்தது. அதற்கு உங்கள் டேட்டா கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. ஆண்ட்ராய்டு டிவி அல்லது அதற்கான ஸ்டிக் வேண்டும். வயர் இல்லாமல் 5ஜி வழியாக இன்டர்நெட் தரும் ஜியோ, ஏர்டெல் ஏர்ஃபைபருக்கு அந்த சிக்னல் மாடியில் வலுவாகக் கிடைக்க வேண்டும். ஆள் வந்து அளந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டிவி ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 2 முதல் 3 ஜிபி போகும். தினம் 2 ஜிபி பிளான் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப் வழியாக வரும் நேரலை டிஷ்ஷைவிடப் பின்தங்கி வரும், சமயத்தில் அரை நிமிடம்கூட. பக்கத்து வீட்டில் கத்திய பிறகுதான் உங்களுக்கு சிக்ஸர் தெரியும்.

இரண்டு டிவிக்கு ஒரே இணைப்பு போதுமா?

இரண்டிலும் வெவ்வேறு சேனல் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு பாக்ஸ் வேண்டும். டிஷ் ஒன்றே போதும், இரண்டு வாய் உள்ள எல்என்பி போட்டு இரண்டு வயர் இழுப்பார்கள். இரண்டாவது இணைப்புக்கு நெட்வொர்க் கட்டணம் குறைத்துத் தருவார்கள், கேட்டால்தான் தருவார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இல்லை. என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். எல்லாரும் வீட்டில் இருக்கும் காலம் என்பதால் இணைப்பை நிறுத்துவது நடக்காத காரியம். பெரிய பேக்கைக் குறைந்த பேக்குக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மாற்றும் முன், நடப்பு பேக்குக்கு லாக்-இன் காலம், அதாவது இடையில் மாற்ற முடியாத காலம், ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுவது டிடிஎச்சில் லாபம், தள்ளுபடி கிடைக்கும். ரசீது தராத ஆளிடம் மூன்று மாத முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். வெளியூர் போய் மாதக்கணக்கில் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் தற்காலிக நிறுத்தம் கேட்கலாம், முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்ற வேண்டுமா?

மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் 60 சென்டிமீட்டர் டிஷ் மேல் ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழும். நல்ல கம்பமும் போல்ட்டும் அதைத் தாங்கும். துருப்பிடித்தது தாங்காது, பறந்து போய் யார் மேலாவது விழும். கழற்றுவதானால் முதலில் பெயின்ட்டாலோ அழியாத மார்க்கராலோ கம்பத்துக்கும் அதைப் பற்றியிருக்கும் கிளாம்புக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். உயர அளவுகோலில் முள் நிற்கும் இடத்திலும் ஒரு கோடு. புயல் போன பின் கோட்டோடு கோடு சேர்த்து மாட்டினால் பெரும்பாலும் படம் வந்துவிடும், ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம். காற்று தொடங்கிய பிறகு மாடிக்கு ஏறாதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் கழற்றி வையுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கம்பெனியை மாற்றினால் பழைய பாக்ஸ் பயன்படுமா?

படாது. ஒரு கம்பெனி பாக்ஸில் இன்னொரு கம்பெனி சேனல் வராது. டிஷ் தட்டு, கம்பம், நல்ல நிலையில் உள்ள வயர் பயன்படும். "எல்லாம் புதுசு போடணும்" என்று சொன்னால் வயரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வலை பளபளப்பாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்தும் யாரும் வரவில்லை. டிராய்க்கு எழுதலாமா?

டிராய் தனிநபர் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை. முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. அதிலும் தீரவில்லை என்றால் கம்பெனியின் நோடல் அதிகாரி. அவர் விவரம் கம்பெனி இணையதளத்தில் இருக்கும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும்போது வாடிக்கையாளர் எண், கடைசியாக ரீசார்ஜ் செய்த தேதி, படம் நின்ற தேதி மூன்றையும் கையில் வைத்திருங்கள்.